வேலி உயர்ந்தால் வெளிச்சம் யாருடையது? – அண்டை வீட்டார் உரிமை பற்றி ஒரு விளக்கம்



கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி கேட்டு வருவோருக்கு நடுவே, பக்கத்து வீட்டு வேலியைப் பற்றிய புகாரோடு வருவோரும் இப்போது இருக்கிறார்கள். எல்லைக்கல் தகராறு அல்ல. கல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வேலி மரங்கள் உயர்ந்துவிட்டன, வீட்டுக்குள் வெயில் வருவதில்லை என்பதுதான் புகார்.

கேட்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் தை மாதம் வரை காயாமல் பூசணம் பூத்து நிற்கும் அறையில், மூச்சிரைப்புள்ள ஒரு முதியவர் படுத்திருந்தால் அது சின்ன விஷயம் அல்ல. ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுப் பிழைக்கும் பெண்ணுக்குப் பட்டப்பகலில் லைட் எரிய வேண்டியிருந்தால் அதுவும் சின்ன விஷயம் அல்ல. இதைவிடப் பெரிய இழப்பு பிறகு வருகிறது. முதலில் இரு வீட்டாரும் ஸலாம் சொல்வதை நிறுத்துகிறார்கள். அடுத்து விருந்துக்கு அழைப்பு நின்றுபோகிறது. கடைசியில் ஒருவர் ஜனாஸாவுக்கு மற்றவர் வராத நிலை வருகிறது.

இதில் சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை, மார்க்கம் நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது, நடைமுறையில் எப்படித் தீர்த்துக்கொள்ளலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இந்தச் சிக்கல் இப்போது ஏன் பெருகியது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த ஓர் இரவில் நம் பகுதியின் தென்னையும் மாவும் சவுக்கும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்ததை நாம் அனைவரும் கண்டோம். பல வீடுகளுக்குக் காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. பழைய படல் வேலியும் பூவரசு வேலியும் போன இடங்களில் சீக்கிரம் வளரும் மரங்களைத் தேடி நட்டோம். சிலர் சவுக்கு நட்டார்கள், சிலர் நெட்டிலிங்கத்தை வரிசையாக வைத்தார்கள், சிலர் நர்சரியில் கிடைத்த கோனோகார்பஸை வாங்கி வந்தார்கள். அன்று இடுப்பளவு இருந்த கன்றுகள் இன்று ஓட்டைத் தாண்டி நிற்கின்றன.

மனைகளும் முன்புபோல் இல்லை. பாகம் பிரிந்து, இரு வீடுகளுக்கு இடையே ஐந்தடி, ஆறடி சந்துதான் மிஞ்சுகிறது. தோப்புக்கு நடுவே வீடு இருந்த காலத்தில் யாருக்கும் உறுத்தாத உயரம், இந்த நெருக்கத்தில் அடுத்த வீட்டை இருட்டாக்குகிறது.

நிழல் எவ்வளவு தூரம் விழும்?

கோபத்தில் பேசுவதற்கு முன் கணக்கைப் பார்ப்பது நல்லது. வேதாரண்யத்தில் டிசம்பர் 22 வாக்கில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அந்த நாட்களில் காலை 8 மணிக்கு ஒரு மரத்தின் நிழல் அதன் உயரத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் நீளும். 10 மணிக்கு ஏறக்குறைய அதன் உயரத்துக்குச் சமமாகும். நண்பகலில் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வடக்கு நோக்கி விழும்.

ஆகவே உங்கள் வீட்டுக்குக் கிழக்கே 15 அடி வேலி இருந்தால் காலை 10 மணி வரை சுவரில் வெயில் படாது. அதே வேலி 7 அடியாக இருந்தால், 10 மணிக்கு நிழல் 7 அடியோடு நின்றுவிடும். தெற்கே உள்ள உயர்ந்த வேலி மார்கழி முழுக்க நாள் முழுவதும் மறைக்கும். வடக்கே உள்ள வேலியால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அதன் நிழல் பெரும்பாலும் அப்பால்தான் விழுகிறது. மேற்கே உள்ள வேலியோ சித்திரை, வைகாசி மாலை வெயிலைத் தடுத்து உங்களுக்கு உதவியே செய்கிறது.

நான்கு பக்க வேலியையும் வெட்டச் சொல்லிச் சண்டைக்குப் போவோர் இதைக் கவனிக்க வேண்டும். பாதிப்பது எந்தப் பக்கம், எந்த மாதம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டால், நீங்கள் கேட்க வேண்டியது மரத்தையே வெட்டச் சொல்லி அல்ல, ஐந்தாறு அடியைக் குறைக்கச் சொல்லி மட்டும்தான் என்பது பல நேரங்களில் தெரியவரும்.

சட்டம் தருவது

இங்கிலாந்தில் இதற்கென்றே தனிச் சட்டப் பிரிவு இருக்கிறது. அங்கே லேலண்டி என்ற ஊசியிலை மரத்தை வேலியாக வைத்து வீதிக்கு வீதி சண்டை மூண்டதால், 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இதைச் சேர்த்தார்கள். 2005 ஜூன் முதல் அது நடைமுறையில் உள்ளது. என்றும் பசுமையான இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மரங்கள் வரிசையாக 2 மீட்டருக்கு மேல் வளர்ந்து அடுத்த வீட்டின் வெளிச்சத்தைத் தடுத்தால், உள்ளாட்சி மன்றத்தில் புகார் செய்யலாம். அதற்கு முன் தாங்களாகவே பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும் என்பதும் அங்கே நிபந்தனை.

நம் நாட்டில் வேலியின் உயரத்துக்கென்று இப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. நமக்கு இருப்பது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். அதன் முக்கிய விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று: ஒரு கட்டடத்தின் ஜன்னல் வழியாக 20 ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாக வெளிச்சமும் காற்றும் வந்திருந்தால், அது அந்தக் கட்டடத்தின் உரிமையாகிறது (பிரிவு 15). எதிரே இருப்பது அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள்.

இரண்டு: இந்த உரிமை கட்டடத்தின் திறப்புகளுக்கு மட்டுமே. திறந்த வெளிக்கு வரும் வெளிச்சத்தை எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அது உரிமையாகாது (பிரிவு 17). ஆகவே முற்றத்தில் துணி காயவில்லை, வடகம் காயவில்லை, கொல்லையில் முல்லை பூக்கவில்லை என்பதற்காக இந்தச் சட்டத்தின்படி வழக்குப் போட முடியாது.

மூன்று: வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது என்பது மட்டும் நஷ்டஈட்டுக்குப் போதாது. வீட்டின் மதிப்பு கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும், அல்லது குடியிருப்போரின் உடல் சௌகரியம் கணிசமாகக் கெட்டிருக்க வேண்டும், அல்லது அங்கே வழக்கமாகச் செய்துவந்த தொழில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் (பிரிவு 33).

நான்கு: தடை ஏற்பட்டது தெரிந்த பிறகும் ஓராண்டு அதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால், 20 ஆண்டுத் தொடர்ச்சி அறுந்துவிட்டதாகக் கருதப்படும். அந்த 20 ஆண்டும் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். “பக்கத்து வீடாச்சே, எதற்குச் சொல்வது” என்று பல ஆண்டுகள் மனதுக்குள் புழுங்கிவிட்டுப் பிறகு வக்கீலைத் தேடுவோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பணிவாக, ஆனால் எழுத்தில், காலத்தோடு சொல்லிவிட வேண்டும்.

ஐந்து: கஜாவில் வீடு இடிந்தவர்களுக்கு இது முக்கியம். கட்டடம் அழிந்தால் அதன் வசதியுரிமையும் அழியும். ஆனால் 20 ஆண்டுகளுக்குள் அதே இடத்தில், எதிர் நிலத்துக்குக் கூடுதல் சுமை ஏற்படாத விதத்தில் மீண்டும் கட்டினால் பழைய உரிமை உயிர் பெறும் (பிரிவு 51). பழைய வீட்டின் போட்டோ, வீட்டு வரி ரசீது, புயல் நிவாரணத்துக்குக் கொடுத்த மனுவின் நகல் ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். புதிய மனையில் புதிதாகக் கட்டியவர்களுக்கு இந்த உரிமை இன்னும் பிறக்கவே இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

நாமே வெட்டிவிடலாமா?

கூடாது. வெளிச்சத்தை மறிக்கும் தடையை உரிமை உள்ளவரே தன் கையால் அகற்றக்கூடாது என்று அதே சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொல்கிறது. அடுத்தவர் மனைக்குள் புகுந்து மரத்தை வெட்டுவதும், இரவோடு இரவாக வேரில் பெருங்காயம் வைப்பதும், உப்புநீர் ஊற்றுவதும் குற்றம். வெளிச்சம் கேட்டுப் போனவர் காவல் நிலையத்தில் எதிரியாக நிற்க நேரிடும்.

நம் எல்லைக்குள் நீண்டுவந்த கிளையின் நிலை வேறு. நம் நிலத்தில் நின்றபடி எல்லைக்கோடு வரை அதை வெட்டலாம் என்பது இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1894-இல் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்ட கொள்கை. நம் நாட்டு நீதிமன்றங்களும் அதைப் பின்பற்றியுள்ளன. ஆனாலும் சொல்லிவிட்டு வெட்டுவதே முறை. வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் மரத்துக்காரருடையவை.

மரம் விழுந்துவிடும் நிலையில் சாய்ந்து நின்றால் அது வெளிச்சப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. அப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்படி (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 133) கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மின்கம்பியைத் தொடும் கிளை என்றால் மின்வாரியத்தைத்தான் அழைக்க வேண்டும். நாமே அரிவாளோடு ஏறக்கூடாது.

மார்க்கம் காட்டும் வழி

இதுவரை பார்த்ததிலிருந்து ஒன்று விளங்கும். சட்டம் தரும் பாதுகாப்பு குறுகியது. புது வீட்டுக்கு இல்லை, முற்றத்துக்கு இல்லை, பொறுத்துப் போனவருக்கும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது அண்டை வீட்டாரின் மனசாட்சிதான்.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 36-ஆவது வசனம், அல்லாஹ்வை வணங்கும்படி கட்டளையிட்ட கையோடு பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள் வரிசையில் அருகிலுள்ள அண்டை வீட்டாரையும் தூரத்து அண்டை வீட்டாரையும் சேர்த்துச் சொல்கிறது. அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) தொடர்ந்து வலியுறுத்தியதால், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அண்டை வீட்டார் முஸ்லிமா இல்லையா என்ற வேறுபாடு இதில் இல்லை.

மரத்தைப் பற்றியே ஒரு செய்தி அபூதாவூதில் உண்டு. ஸமுரா (ரலி) அவர்களுக்கு அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் பேரீச்ச மரம் இருந்தது. அவர் அதற்காக வந்து போவது அங்கே குடியிருந்த குடும்பத்துக்குத் தொந்தரவாயிற்று. விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனது. விலைக்குக் கொடுக்கச் சொன்னார்கள், மறுத்தார். மாற்று மரம் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தார். நன்மையை எடுத்துச் சொல்லி அன்பளிப்பாகத் தரச் சொன்னார்கள், அதையும் மறுத்தார். அதன் பிறகே, அவர் தீங்கு செய்பவராக இருக்கிறார் என்று கூறி, மரத்தை அகற்ற அன்சாரிக்கு அனுமதி தந்தார்கள். மரம் அவருக்குச் சொந்தமானதுதான். மூன்று நியாயமான வழிகளையும் தட்டிவிட்ட பிறகு அந்தச் சொந்தம் மட்டும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. முதல் பேச்சிலேயே மரத்தை வெட்டச் சொல்லவில்லை என்பதையும் புகார் செய்வோர் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துருக்கியின் உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி ஃபிக்ஹ் அடிப்படையில் தொகுத்த ‘மஜல்லா’ சட்ட நூல் இதே சிக்கலை நுணுக்கமாகப் பேசுகிறது. காற்றோ காட்சியோ வெயிலோ சற்றுக் குறைவது பெருந்தீங்கு ஆகாது. ஆனால் ஒரே ஜன்னலுள்ள அறையில் எழுத்தைப் படிக்க முடியாத அளவுக்கு இருட்டானால் அது பெருந்தீங்கு, தடையை நீக்க வேண்டும். கதவு வழியாக வெளிச்சம் வருமே என்ற சாக்கை ஏற்க முடியாது. குளிருக்கும் பிற தேவைக்கும் கதவைச் சாத்தத்தான் வேண்டியிருக்கும். அடுத்த வீட்டுக்குள் நீளும் கிளையைக் கட்டவோ வெட்டவோ செய்யலாம். ஆனால் நிழலால் பயிர் கெடுகிறது என்று கூறி மரத்தையே வெட்டச் சொல்ல முடியாது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர் என்றாலும், இருட்டு எது, வெறும் குறை எது என்று பிரித்துப் பார்க்க இந்த அளவுகோல் எல்லோருக்கும் உதவும்.

மறைப்புக்கு எவ்வளவு உயரம் வேண்டும்?

வேலியைக் குறைக்கச் சொன்னால் நம் வீடுகளில் வரும் முதல் பதில், “பெண்கள் புழங்கும் இடம், மறைப்பு வேண்டும்” என்பதுதான். இது நியாயமான பதில். புகார் செய்பவர் இதை ஏளனமாகப் பேசக்கூடாது.

தரையில் நிற்பவரின் பார்வையை மறைக்க ஆறரை, ஏழடி போதும். அதற்கு மேல் உள்ள பத்தடி யாரையும் மறைப்பதில்லை, வெயிலை மட்டுமே மறைக்கிறது. மாடி ஜன்னலிலிருந்து பார்வை விழுகிறது என்றால் அதற்கும் மஜல்லாவில் தீர்வு உண்டு. சமையற்கட்டு, கிணற்றடி, முற்றம் போன்ற பெண்கள் புழங்கும் இடங்கள் தெரிவதைப் பெருந்தீங்காகவே அது எண்ணுகிறது. ஆனால் மறைப்பு போடும் பொறுப்பை ஜன்னலுக்கு உரியவர்மீது சுமத்துகிறது. ஜன்னலையே அடைத்துவிடச் சொல்லவில்லை. அதாவது மாடிக்காரர் தம் ஜன்னலில் தட்டியோ மங்கல் கண்ணாடியோ போட வேண்டும். வேலிக்காரர் வேலியை ஏழடியில் நிறுத்த வேண்டும். இரண்டு பேரும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுகிறார்கள்.

பேசித் தீர்க்கும் முறை

1. பேச்சை வேலிக்கு மேலாக நடத்தாதீர்கள். வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லி, உட்கார்ந்து பேசுங்கள். முடிந்தால் வேலிக்காரரை உங்கள் வீட்டுக்கு ஒரு காலைப்பொழுது அழைத்து அறையைக் காட்டுங்கள். தன் மரம் அடுத்த வீட்டில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே இராதவர்கள்தான் அதிகம்.

2. அளவோடு கேளுங்கள். “மரத்தை எடு” என்பது வேறு, “தெற்குப் பக்கம் இந்த ஆறு மரத்தை மட்டும் ஏழடிக்குக் குறைத்துத் தாருங்கள், கூலியில் பாதி நான் தருகிறேன்” என்பது வேறு.

3. ஒத்துக்கொண்டதை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பக்கம், எத்தனை அடி, ஆண்டில் எந்த மாதம் வெட்டுவது, கூலி யார் தருவது, வெட்டிய தழை யாருக்கு, ஆள் எந்த வழியாக உள்ளே வருவது ஆகியவை அதில் இருக்கட்டும். இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளோடு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இது நினைவுக்கான தாள். நிலத்தில் நிரந்தர உரிமை எழுதுவதென்றால் வக்கீலைக் கேட்டுப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும்.

4. பேச்சு முறிந்தால் இருவரும் மதிக்கும் ஒருவரை நடுவில் வையுங்கள். அண்டை வீட்டார் மாற்று மதச் சகோதரராக இருந்தால் ஜமாஅத்துக்கு வரச் சொல்லி அழைப்பது முறையல்ல. வார்டு உறுப்பினரோ ஊர்ப் பெரியவரோ அவரும் ஏற்கும் ஒருவராக இருக்கட்டும்.

5. அதற்கும் மசியாவிட்டால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டு, வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்தக் குழு, வழக்குத் தொடுப்பதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேச வைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. லோக் அதாலத்தில் இருவரும் ஒப்புக்கொண்டு முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. சிவில் வழக்கு என்பது இத்தனைக்கும் பிறகுதான்.

பூட்டிய வீடுகள்

நம் பகுதிக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்காரர் சவூதியிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வீடு பூட்டிக் கிடக்கும். வேலி மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். சாவி வைத்திருக்கும் உறவினரோ, “அவரைக் கேட்காமல் நான் கை வைக்க முடியாது” என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்கட்டணத்துக்கும் வீட்டு வரிக்கும் பணம் அனுப்புவதுபோல, ஆண்டுக்கு ஒருமுறை வேலி வெட்டுக் கூலிக்கும் அனுப்புங்கள். அதற்கான அனுமதியை சாவி வைத்திருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் திருடன் நுழையாமல் பார்த்துக்கொள்வதும், மழையில் ஓடு விலகினால் போன் செய்து சொல்வதும் அந்த அண்டை வீட்டார்தான்.

எதை நடுவது, எப்போது வெட்டுவது

மரம் நடுவது ஸதகா. அதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டாலும் நட்டவருக்கு நன்மை உண்டு என்ற நபிமொழியை நாம் அறிவோம். கஜாவைக் கண்ட ஊர் மரத்தை வெறுக்கவும் முடியாது. ஆகவே மரமே வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. இடம் பார்த்து, இனம் பார்த்து நடுவோம்.

அடுத்த வீட்டை ஒட்டிய பக்கத்தில் வெட்ட வெட்டத் தழையும் செடிகளை வையுங்கள். மருதாணி, கிளுவை, பூவரசு ஆகியவை வெட்டைத் தாங்கி அடர்ந்து மறைப்புத் தரும். மருதாணி வேலி பெருநாளைக்குக் கைக்கும் உதவும். எல்லைக்கோட்டின் மேலேயே நடாமல் மூன்று, நான்கு அடி உள்ளே தள்ளி நட்டால் வெட்டவும் இடமிருக்கும், வேர் அடுத்தவர் அஸ்திவாரத்துக்குப் போவதும் குறையும். சவுக்கு போன்ற உயர்ந்து வளரும் மரங்களைக் காற்று வரும் திறந்த பக்கத்திலும் கொல்லைக் கோடியிலும் வையுங்கள். முற்றிய சவுக்கின் தலையை வெட்டினால் சரியாகத் தழையாது என்பதால் வேலி வரிசைக்கு அது ஏற்றதல்ல. கோனோகார்பஸை இனி வாங்க வேண்டாம். குஜராத் 2023-இல் அதைத் தடுத்தது, தமிழக அரசும் 2025 தொடக்கத்தில் அதை நடத் தடை விதித்திருக்கிறது.

வெட்ட ஏற்ற காலம் புரட்டாசி. மழைக்கும் புயலுக்கும் முன் தலைப்பாரம் குறைவதால் மரம் சாயும் அபாயமும் குறையும். கார்த்திகை, மார்கழியில் அடுத்த வீட்டுச் சுவருக்கு வெயிலும் கிடைக்கும். மொட்டையாகச் சிரைக்காமல் அளவோடு குறையுங்கள். கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அந்தக் கிளையை விட்டுவையுங்கள். தழையை ஆடு வளர்ப்போருக்குக் கொடுத்தால் கூலியில்கூட ஒரு பகுதி குறையும். சாலையோரத்திலோ புறம்போக்கிலோ நிற்கும் மரத்தை மட்டும் யாரும் தாமாக வெட்டக்கூடாது, அதற்கு அரசின் அனுமதி வேண்டும்.

இந்தப் புரட்டாசியில் ஒவ்வொரு குடும்பமும் தன் வேலியின் மறுபக்கம் போய், அங்கிருந்து ஒருமுறை தன் வீட்டு மரத்தைப் பார்க்கட்டும். கேட்கும்வரை காத்திராமல் நாமே குறைத்துக் கொடுத்தால் அதற்கு நகலும் சாட்சியும் தேவைப்படாது. உதவி தேவைப்படும் வீடுகள், குறிப்பாக வெட்டுக்கூலி தர இயலாத விதவைகளும் முதியோரும், வழக்கம்போல் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.

அண்டை வீட்டார் நிம்மதியாக இருக்கும் வீடுகளாக நம் வீடுகளை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்